தலைமாட்டுச் சுவர்

ஒரு கட்டிலில் இரண்டு பேர் படுப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, ஒரே நேரத்தில் படுக்காத வரைக்கும். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் பென்னலூரில் பாஞ்சாலியக்கா வீட்டு மாடியறையில் அப்படித்தான் ஏற்பாடு. கட்டில் மூன்று, ஆள் ஆறு. நான் பகல் ஷிப்ட், செல்லக்கனி ராத்திரி ஷிப்ட். நான் எழுந்து போன கட்டிலில் அவள் வந்து படுப்பாள், அவள் எழுந்து போன கட்டிலில் நான் வந்து விழுவேன். பாய் ஆறுவதற்கே நேரம் கிடையாது. எங்கள் கம்பெனி பஸ்கள் வந்து நிற்கிற ரோட்டோரத்தில் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொள்வதோடு சரி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு பேரும் அறையில் இருப்போம். அன்றைக்குக் கட்டில் எனக்கு, தரை அவளுக்கு. நான்தானே முதலில் வந்தவள்.

கட்டிலில் பாதி அவளுடையது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தலைமாட்டுச் சுவர் முழுக்க என்னுடையது. குலசை முத்தாரம்மன் படம் ஒட்டியிருந்தேன். அண்ணன் மகன் மொட்டை போட்ட படம், கடல் போட்ட பழைய காலண்டர், ரசம் போன கண்ணாடி, கண்ணாடியைச் சுற்றி நான் கழற்றிக் கழற்றி ஒட்டிய ஸ்டிக்கர் பொட்டுகள். எல்லாவற்றுக்கும் நடுவில் சட்டம் போட்ட அம்மா படம்.

அந்தப் படம் எங்கள் ஊர் வீட்டில் பரணில் கிடந்தது. அம்மா செத்து ஒரு வருஷம் ஆவதற்குள் அண்ணி வீட்டுக்கு வெள்ளையடித்தாள். அடித்த கையோடு பழைய சாமான்களை எல்லாம் பரணில் ஏற்றினாள், அதில் அம்மாவும் போய்விட்டாள். நான் படுக்கிற மூலையில் புது பீரோ வந்துவிட்டது. பொங்கலுக்குப் போனபோது எனக்குக் கூடத்தில் பாய் போட்டு, "மதினி, காத்து நல்லா வரும்" என்றாள். படத்தைத் துடைத்து எடுத்துக்கொண்டு மறுநாளே பஸ் ஏறிவிட்டேன். அன்றிலிருந்து யாராவது வீடு எங்கே என்று கேட்டால் சாத்தான்குளம் பக்கம் என்று வாய் சொல்லும், மனசு இந்தச் சுவரைத்தான் நினைக்கும். எனக்கென்று இருந்தது அவ்வளவுதான்.

செல்லக்கனி உடன்குடிப் பக்கம். பெரியம்மா வீட்டில் வளர்ந்தவள். ஒரு ரெக்ஸின் பையோடு வந்தாள். பையிலிருந்து சுவரில் மாட்ட ஒரு குண்டூசி அளவுக்குக்கூட எதுவும் வெளியே வரவில்லை. சரி, அடக்கமான பிள்ளை என்று நினைத்தேன். ஒருநாள் எனக்குக் காய்ச்சல் என்று மத்தியானமே திரும்பி வந்து பார்க்கிறேன், தலையணையை மறுகோடியில் போட்டு, என் சுவரைப் பார்க்கக் காலை நீட்டிப் படுத்திருக்கிறாள். அம்மன் படத்துக்கு நேரே கால்! எங்கம்மா முகத்துக்கு நேரே உள்ளங்கால்! எனக்குக் காய்ச்சல் இன்னும் ஏறிவிட்டது.

"ஏட்டி, எந்திரி. சாமி படத்துக்கு நேரயா காலை நீட்டுவாவ? எங்கம்ம படம் இருக்கது ஒங்கண்ணுக்குத் தெரியலையா?"

திடுக்கிட்டு எழுந்து காலை மடக்கிக்கொண்டாள். "வெளிச்சம் மூஞ்சில அடிக்குக்கா. சன்னல் அந்தப் பக்கமா இருக்கு. அதாம் மாத்திப் படுத்தேன்."

"அப்ப மூஞ்சிய மூடிப் படு."

"சரிக்கா" என்றாள். சரி என்றாளே தவிர மாற்றவில்லை. நான் வேலை முடிந்து வரும்போதெல்லாம் தலையணை மறுகோடியில்தான் கிடக்கும். அதை எடுத்து என் பக்கம் போடும்போதெல்லாம் அவளைத் திட்டிவிட்டுத்தான் படுப்பேன்.

இப்படி இருக்கும்போதுதான் ரத்னா வந்தாள். ஒருநாள் சாயந்திரம் நான் பஸ்ஸைவிட்டு இறங்கி வீட்டுக்குள் கால் வைப்பதற்குள் பாஞ்சாலியக்கா மாவு கரைத்த கையோடு ஓடிவந்தாள்.

"ஏம்மே சந்தனமாரி, உனக்கு விஷயம் தெரியுமா? மலேசியாலேர்ந்து ஒரு பொண்ணு வந்துகீது. கழுத்துல இம்மாம் பெரிய கேமரா. ஊர வுட்டு ஊர் போனவங்கோ எங்க படுத்துகினுக்கீறாங்கன்னு போட்டோ புடிக்குதாம். மெட்ராஸ்ல பெருசு பண்ணி மாட்டப் போவுதாம்."

"எங்க ரூமையா எடுத்தாவ?"

"ரூம் இன்னா ரூம்? உன் கட்டிலத்தான் எடுத்துச்சு. செல்லக்கனி அதும்மேல குந்திகினு, பின்னாடி சாமி படம், உங்கம்மா படம்லாம் ஜோரா வுழுந்துச்சு. வியாழக்கெயம வேற கேமராவோட மறுபடி வரேன்னுச்சு. பொட்டி கேமராவாம்."

நேரே மாடிக்குப் போய், மறுகோடியில் கிடந்த தலையணையை எடுத்து என் பக்கம் வீசினேன்.

கம்பெனியில் நான் பார்க்கிற வேலையே போட்டோ எடுப்பதுதான். சிரிக்க வேண்டாம். செல்போனுக்குள் வைக்கிற கேமரா சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எதிரே கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட அட்டை ஒட்டியிருக்கும். அதைப் படம் பிடித்து, பார்த்து, அழித்துவிட்டு அடுத்த போனை எடுக்க வேண்டும். இந்த ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் என்னைவிட அதிகமாகப் போட்டோ எடுத்தவள் இருக்க முடியாது. ஒன்றுகூட மிஞ்சியதில்லை. யாரும் என்னை எடுத்ததும் இல்லை. நேற்று வந்தவள், குண்டூசிகூடக் கொண்டுவராதவள், என் கட்டிலில் உட்கார்ந்து, என் சுவரை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு மெட்ராஸில் மாட்டிக்கொள்ளப் போகிறாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ரத்னா சும்மா பேசிவிட்டுப் போக வந்தாள். எனக்கு முன்கூட்டியே தெரியும். அண்ணன் கல்யாணத்துக்கு எடுத்த பட்டுச்சேலையைக் கட்டி, பவுடர் போட்டு, கட்டிலின் நடுவில் உட்கார்ந்துகொண்டேன். செல்லக்கனி தலைகூடச் சீவாமல் தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

ரத்னா முப்பது வயசு இருப்பாள். குட்டை முடி, ஆம்பளைச் சட்டை. பேச்சு மட்டும் அச்சு அசல் நம் பேச்சு, கொஞ்சம் இழுவை. அவள் பாட்டனார் திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து ரப்பர் தோட்டத்துக்குக் கப்பலேறிப் போனவராம். எந்த ஊர் என்று சொல்லாமலே செத்துப்போனாராம்.

"அம்மா வீட்ல கேட்டா தோட்டத்த சொல்வாங்க. தோட்டத்த இப்ப அழிச்சு வீடு கட்டிட்டாங்க. எனக்கு எது ஊருன்னு கேட்டா நான் எத காட்றது? அதான் எல்லார்கிட்டயும் கேட்டுக்கிட்டே வர்றேன். நீங்க எத வீடுன்னு நெனைக்கிறீங்களோ அத காட்டுங்கன்னு."

"எங்க ஊரும் திருச்செந்தூர்ப் பக்கந்தான். சாத்தான்குளம்" என்றேன் நான்.

"அப்படியாக்கா? நல்லது" என்று என்னை ஒரு படம் எடுத்தாள். ரேஷன் கார்டுக்கு எடுப்பதுபோல, ஒன்றே ஒன்று. எடுத்த கையோடு தரையில் செல்லக்கனி பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய ஆரம்பித்துவிட்டாள். "ஒங்க மூஞ்சி எங்க அத்தை மூஞ்சி மாதிரியே இருக்கு" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். செல்லக்கனி வெட்கப்பட்டுச் சிரித்தாள். நான் பட்டுச்சேலையில் வேர்த்து வழிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். கண்ணெல்லாம் எரிந்தது. இதற்குப் பெயர் பொறாமைதான், வேறு பெயர் சொல்லி என்னத்துக்கு ஏமாற்ற வேண்டும்.

வியாழக்கிழமை காலையில் எனக்கு ஒரு யோசனை வந்தது. நல்ல யோசனை என்றுதான் அப்போது பட்டது. அவள் வீட்டைத்தானே படம் எடுக்கப் போகிறார்கள்? அவள் வீட்டை எடுக்கட்டும். என் வீட்டை நான் எடுத்துக்கொள்கிறேன். அம்மன் படத்தை உரித்தேன். காலண்டரைக் கழற்றினேன். கண்ணாடி, அண்ணன் மகன், அம்மா எல்லாரையும் இறக்கி டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். ஸ்டிக்கர் பொட்டைக்கூட விடவில்லை, நகத்தால் சுரண்டினேன். ஆணியையும் பிடுங்கினேன். பஸ் ஹாரன் அடிக்க அடிக்கச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடினேன்.

அன்று பூராவும் லைனில் எனக்கு உள்ளூரச் சிரிப்பு. மொட்டைச் சுவரும் இரும்புக் கட்டிலும் பார்த்துவிட்டு ரத்னா கேமராவை மூட்டை கட்டிக்கொண்டு போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். கட்டம் போட்ட அட்டைகூட அன்றைக்கு அழகாகத் தெரிந்தது.

சாயந்திரம் பஸ் நின்றதும் கீழே செல்லக்கனி நிற்கிறாள், அவள் வண்டிக்குக் காத்துக்கொண்டு. தூங்காத கண். என்னைப் பார்த்ததும் கிட்டே வந்தாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று நானும் தயாரானேன்.

"அக்கா, அம்ம படம் ஒடஞ்சிட்டா?"

"ஒடையல."

"கண்ணாடி கிண்ணாடி கீறலையே?"

"ஒண்ணும் ஆவல. ஒனக்கு என்னத்துக்குட்டி அது?"

அவள் பதில் சொல்வதற்குள் வண்டி வந்துவிட்டது. நக்கல் பண்ணுகிறாள் என்று நினைத்து முறுக்கிக்கொண்டு நடந்தேன். வீட்டில் பாஞ்சாலியக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"இன்னாமே இப்படிப் பண்ணிட்டே? செவுத்தப் பாத்துட்டு அந்தக் கேமராப் பொண்ணு அப்படியே நின்னுகினுச்சு. நான் போயிடும்னு பாத்தா, கருப்புத் துணிக்குள்ள தலைய வுட்டுகினு மத்தியானம் வரைக்கும் புடிக்குது. இதுதான் எனக்கு வேணும், இதுதான் எனக்கு வேணும்னு சொல்லிகினேகீது."

மேலே போய்ச் சுவரைப் பார்த்தேன். நான் காலையில் பார்க்காததெல்லாம் தெரிந்தது. புகையும் எண்ணெயும் பட்டு மங்கின சுவரில், படம் இருந்த இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாகக் கட்டம். கண்ணாடி இருந்த இடத்தைச் சுற்றிப் பொட்டுப் பொட்டாகப் பசை. நடுவில் அம்மா அளவுக்கு ஒரு பெரிய வெள்ளை, அதன் தலையில் ஆணி ஓட்டை. வீம்புக்கு அப்படியே விட்டுவிட்டேன். யாருக்காக மாட்ட வேண்டும்? பெட்டியிலேயே இருக்கட்டும்.

அதற்குப் பிறகு செல்லக்கனி சரியாகத் தூங்கவில்லை என்று மற்றப் பிள்ளைகள் சொன்னார்கள். பகலெல்லாம் புரள்கிறாளாம். இரண்டு தடவை சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கினாளாம். பெருமை தலைக்கேறினால் தூக்கம் எப்படி வரும் என்று கேட்டேன்.

கொஞ்ச நாளில் ரத்னா எல்லாரையும் கண்காட்சிக்குக் கூப்பிட்டாள். நான் வரவில்லை என்றுதான் சொன்னேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் பாஞ்சாலியக்கா ஜாக்கெட்டுக்குப் பொருத்தமாக வளையல் தேடிக்கொண்டிருந்தபோது, நானும் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். என் சுவரை எப்படிக் கெடுத்து வைத்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டாமா?

எழும்பூர்ப் பக்கம் ஒரு பழைய பங்களா. உள்ளே ஏசி, சத்தமே இல்லை. பெரிய பெரிய படங்கள். துபாயில் அடுக்குக் கட்டிலில் துண்டு தொங்கவிட்டுக் கதவு மாதிரி ஆக்கிக்கொண்ட ஒருத்தர். மலேசியாவில் பத்தாவது மாடியில் பால்கனியில் வேப்பங்கன்று வளர்க்கிற கிழவர். மறைமலை நகரில் லாரிக்கு அடியில் சேலைத் தொட்டில் கட்டி உட்கார்ந்திருக்கிற குடும்பம். எல்லாவற்றையும் தாண்டி, கடைசிச் சுவர் முழுக்க ஒரே படம். அங்கேதான் கூட்டம்.

என் சுவர்.

கட்டிலில் செல்லக்கனி படுத்திருக்கிறாள். கேமராவுக்கு அவள் முகம் தெரியவில்லை, பின்னந்தலைதான் தெரிகிறது. காலை மடக்கி, பக்கவாட்டில் ஒதுக்கி வைத்திருக்கிறாள். எதிரே என் சுவர், சன்னல் வெளிச்சம் முழுக்க அதன்மேல் விழுந்து, அந்த வெள்ளைக் கட்டங்கள் எல்லாம் விளக்குப் போட்ட மாதிரி இருக்கின்றன. கட்டிலும் ஆளும் இருட்டில் இருக்க, ஒன்றுமில்லாத இடம்தான் பளிச்சென்று தெரிந்தது. பார்க்கிறவர்கள் அங்கிருந்து நகரவே இல்லை. கண்ணாடி போட்ட ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. சுரண்டினது நான். ஆணி பிடுங்கினது நான். அந்த வெள்ளை ஒவ்வொன்றும் என் வீடு. அவளைக் கெடுக்கப் பண்ணின காரியம் அவளைத் தூக்கி மெட்ராஸ் நடுவில் உட்கார வைத்துவிட்டது. நான் பேசாமல் இருந்திருந்தால் சாமி படமும் காலண்டருமாக ஏதோ ஒரு மூலையில் சின்னதாகத் தொங்கியிருக்கும்.

"அது என் சொவரு" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே. இரண்டு பேர் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி படத்தைப் பார்த்தார்கள்.

படத்தில் இருப்பது இவள்தான் என்று ரத்னா காட்டிக்கொடுக்க, கண்ணைத் துடைத்த அம்மா செல்லக்கனியிடம் கேட்டாள், "வெறும் செவத்தையே பாத்துட்டுப் படுத்திருக்கியேம்மா, அங்க என்ன தெரியுது உனக்கு?"

செல்லக்கனி என்னை ஒரு பார்வை பார்த்தாள். கேட்டுவிட்டுச் சொல்லலாமா என்கிற மாதிரி. பிறகு படத்துக்குப் பக்கத்தில் போய், ஒவ்வொரு வெள்ளையாகக் கை காட்டினாள்.

"இது முத்தாரம்மன். ஓரத்துல கொஞ்சம் கிழிஞ்சிருக்கும். இது மாரியக்கா அண்ணன் மவன், மொட்டையில சந்தனம் காயாம இருக்கும். இது கடலு. இது..." நடுவில் இருந்த பெரிய வெள்ளைக்கு வந்ததும் கை நின்றது. "இது அக்காவோட அம்ம. ஒத்தக்கல்லு மூக்குத்தி. நேரப் பாக்காம சைடுல பாத்துச் சிரிப்பாவ. அந்தப் பக்கம் ஓரத்துல ஒரு பச்சை ஜாக்கெட்டுக் கை மட்டும் தெரியும். ஆளு இல்ல, கை மட்டும். அந்தக் கையப் பாத்துத்தான் சிரிக்காவ."

அந்தப் படம் அண்ணன் கல்யாண ஆல்பத்திலிருந்து அம்மாவை மட்டும் வெட்டிப் பெரிசாக்கினது. பக்கத்தில் நின்றவளை ஸ்டுடியோக்காரர் ஒதுக்கிவிட்டார், கை மட்டும் மிச்சம். பச்சை ஜாக்கெட் போட்டவள் நான்தான். அதே பட்டுச்சேலைக்குத் தைத்த ஜாக்கெட். சுவரில் மாட்டி, அதற்குக் கீழே தலையை வைத்து, ராத்திரி ராத்திரியாகப் படுத்திருந்தேன். தலைக்கு மேலே இருப்பதைப் படுத்துக்கொண்டு யாரால் பார்க்க முடியும்? காலை நீட்டினவளுக்குத்தான் அது முகத்துக்கு நேரே.

"எங்கம்மைய யாரும் போட்டா எடுக்கலக்கா" என்றாள் செல்லக்கனி, இப்போது என்னிடம். "எனக்கு மூஞ்சி ஞாபகம் இல்ல. நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்து படுத்தா ஒறக்கமே வராது. இவியளப் பாத்துக்கிட்டே கெடந்தா வந்துரும். ஒங்ககிட்டச் சொன்னா ஏசுவியன்னு சொல்லல. அந்தப் பச்சைக் கை யாருன்னு தெரியாது. ஆனா அந்தக் கை மேல எனக்கு அம்புட்டுப் பொறாமைக்கா."

ரத்னா கேமராவை எடுக்கக்கூட இல்லை, கையைத் தொங்கப்போட்டு நின்றாள். எனக்கு அழுகை வந்தது. கூடவே கோபமும் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். என் கட்டிலில் பாதி எடுத்துக்கொண்டாள், என் சுவரை எடுத்துக்கொண்டாள், கடைசியில் எங்கம்மாவையும் பார்த்துப் பார்த்து எடுத்துக்கொண்டிருக்கிறாள். என்னைவிட நன்றாக.

"அது என் கைதாம்ட்டி" என்றேன்.

அவள் என் கையைப் பார்த்தாள். தோளிலிருந்து விரல் வரைக்கும், புதிதாகப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். பாஞ்சாலியக்கா முந்தானையால் மூக்கைச் சிந்தி, "சர்தான், ரெண்டு பேரும் அய்துகினு நின்னா பஸ்ஸு போயிடும், வாங்கடி" என்றாள்.

ஸ்ரீபெரும்புதூர் பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில்தான் இடம் கிடைத்தது. பூந்தமல்லி தாண்டுவதற்குள் அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். தள்ளிவிடலாம் என்று ஒரு தடவை நினைத்தேன். பிறகு விட்டுவிட்டேன்.

அறைக்கு வந்ததும் பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் எடுத்தேன். அம்மனை அதே இடத்தில் ஒட்டினேன். அண்ணன் மகன், கடல், கண்ணாடி. அம்மா படத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். தலைமாட்டில் மாட்டினால் எனக்குத் தெரியாது, கால்மாட்டில் மாட்டினால் அவளுக்குத் தெரியாது. கட்டில் ஒட்டிக் கிடக்கிற நீளச் சுவர் ஒன்று இருந்தது, இதுவரைக்கும் யாரும் அதில் எதையும் மாட்டினதில்லை. எந்தக் கோடியில் தலை வைத்தாலும் திரும்பிப் படுத்தால் தெரியும்.

"செரியா நடுவுல அடிங்கக்கா" என்றாள் செல்லக்கனி, சுத்தியலுக்குப் பதிலாகக் குழவிக்கல்லை நீட்டிக்கொண்டு.

"எனக்குத் தெரியும். நீ சும்மா இரி" என்றேன்.

நடுவில்தான் அடித்தேன். என் பக்கம் கொஞ்சம் தள்ளி.